குழந்தைக்கென்று திரட்டும் நிதி



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் பணத்தைப் பற்றியது. உடலியக்கத்திலோ, கேட்டல், பேசுதல், கற்றல் ஆகியவற்றிலோ தனிக் கவனம் வேண்டிய ஒரு குழந்தையைப் பேணுவதற்கு எவ்வளவு பொருள் வேண்டும், அதனை எவ்வாறு திரட்டுவது, கொடுப்பவரும் பெறுபவரும் எவ்வாறு நடந்துகொள்வது என்பனவற்றைச் சிறிது ஆராய்வோம். இது பெரியவர்களுக்குரிய செய்தி என்று நீங்கள் எண்ணிவிடலாகாது. அத்தகைய குழந்தை உங்கள் தெருவிலே இருக்கலாம். உங்கள் வகுப்பிலேயே இருக்கலாம். நிதி திரட்டுவோர் உண்டியலை முதலில் உங்கள் கையில்தான் கொடுப்பார்கள். ஆகையால், அந்த உண்டியலை ஏந்துமுன் அறிந்திருக்க வேண்டியவை சில உண்டு.

முதலில் செலவின் இயல்பை அறிதல் வேண்டும். ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வருகிறது. மருந்து வாங்குகிறோம், காய்ச்சல் தணிகிறது, செலவும் அத்துடன் முடிகிறது. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையின் நிலை அத்தகையதன்று. இறுகிய தசைகளைத் தளர்த்தவும், உட்காரவும், நிற்கவும் பழக்கவும் இயன்முறைப் பயிற்சி தொடர்ந்து நடைபெற வேண்டும். பேச்சு தெளிவுறப் பேச்சுப் பயிற்சி வேண்டும். உண்ணுதல், உடுத்துதல், எழுதுதல் ஆகியவற்றுக்குத் தனிப் பயிற்சி வேண்டும். காலுக்குப் பூட்டும் காலிபர் ஒருமுறை செய்தால் போதாது. குழந்தை வளர வளர அது சிறிதாகிவிடும். மீண்டும் அளவெடுக்க வேண்டும். சக்கர நாற்காலிக்கும் அவ்வாறே.

செவிப்புலன் குறைந்த குழந்தைக்குக் காதினுள் கருவி பொருத்தும் அறுவை மருத்துவம் இன்று உண்டு. தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அரசின் காப்பீட்டுத் திட்டத்தின் வழியாகவே அது செய்யப்படுகிறது. எனினும் கருவி பொருத்திய நாளிலேயே குழந்தை பேசத் தொடங்கிவிடுவதில்லை. ஒலியை அறியவும், அறிந்த ஒலியைச் சொல்லாகக் கொள்ளவும் நெடுங்காலப் பயிற்சி வேண்டும். அறுவை ஒருநாள் நிகழ்ச்சி. பயிற்சியோ பல ஆண்டுத் தொடர்ச்சி. ஒரே நாளில் பெருந்தொகை திரட்டிக் கொடுத்துவிட்டு, "எங்கள் கடமை முடிந்தது" என்று வீடு திரும்புகிறவர்கள் இந்த வேறுபாட்டை மறந்துவிடுகிறார்கள்.

மாணவர்களாகிய உங்களுக்கு ஒரு சிறு கணக்குச் சொல்லுகிறேன். இஃது எடுத்துக்காட்டுக்காக நான் வகுத்துக்கொண்ட கணக்கு. ஒரு தாய் தன் குழந்தையை வாரத்திற்கு மூன்று நாள் பக்கத்து நகரத்திற்குப் பயிற்சிக்கு அழைத்துச் செல்லுகிறாள். ஒருமுறைக்குக் கட்டணம் 400 ரூபாய் என்று கொள்ளுங்கள். வாரத்திற்கு 1,200 ரூபாய். 52 வாரங்களுக்கு 62,400 ரூபாய். இதனை எல்லோரும் எளிதில் கணக்கிட்டுவிடுவார்கள். ஆனால், அந்தத் தாய் நாளொன்றுக்கு 500 ரூபாய் கூலி பெறுபவள். வாரத்தில் மூன்று நாள் கூலியை அவள் இழக்கிறாள். அந்த இழப்பு வாரத்திற்கு 1,500. ஆண்டுக்கு 78,000 ரூபாய். கட்டணத்தைவிடக் கூலி இழப்பே மிகுதி! எனினும் இழந்த கூலிக்கு எவரும் ரசீது எழுதித் தருவதில்லை. ரசீது இல்லாத அந்தச் செலவுதான் ஏழைக் குடும்பத்தைக் கடனில் ஆழ்த்துகிறது. இக்கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இது நமக்கு உதவும்.

இனி, பொருள் எங்கிருந்து வரவேண்டும் என்று பார்ப்போம். பிறர் இரக்கத்தை நாடுமுன், குழந்தைக்கு உரிமையாக உள்ளதைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். ஊரார் பலர் இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

நம் நாட்டில் 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே கணக்கில் கொண்டிருந்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் சட்டம் 2016-இல் இயற்றப்பட்டபோது அவ்வெண்ணிக்கை 21 ஆக உயர்ந்தது. குறைபாட்டின் அளவு 40 விழுக்காட்டுக்குக் குறையாதிருப்பின், 6 வயது முதல் 18 வயது வரை அக்குழந்தை அருகிலுள்ள பள்ளியிலோ, தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிக் கற்கலாம் என்று அச்சட்டம் உரிமை வழங்குகிறது. அறிவு வளர்ச்சிக் குறைபாடு, மூளை முடக்குவாதம், ஆட்டிசம், பல்வகைக் குறைபாடு ஆகியவற்றை உடையவர்களுக்காக 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்த் தேசிய அறக்கட்டளை ஒன்று அமைக்கப்பட்டது. அதன் 'நிராமயா' என்னும் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு ஓர் இலட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஈடுசெய்ய வகை செய்கிறது. தொடர் பயிற்சிக்கும் அதில் இடமுண்டு. தமிழக அரசு வழங்கும் பராமரிப்பு உதவித்தொகையும், பேருந்துச் சலுகையும், உதவிக் கருவிகளும் உள்ளன.

இவ்வளவும் இருந்தும் பல வீடுகளுக்கு இவை சென்று சேர்வதில்லை. காரணம் யாது? மருத்துவச் சான்றும் அடையாள அட்டையும் பெறுவதற்கு எங்குச் செல்வது, எந்தப் படிவத்தை நிரப்புவது என்று அறியாமையே பெருங்காரணம். எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு மாணவன் அத்தாயுடன் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திற்கு ஒருநாள் உடன் சென்றால், ஓர் உண்டியலில் விழும் பணத்தைவிட மிகுந்த பயன் அக்குடும்பத்திற்குக் கிடைத்துவிடலாம். படிவம் நிரப்பித் தருவதும் கொடையே என்பதை உணருங்கள்.

உரிமை வழி வருவனவெல்லாம் வந்த பின்னரும் துண்டு விழுமாயின், அப்போது பொதுமக்களை நாடுதல் முறையே. அதில் இழிவு ஒன்றுமில்லை. நம் நாட்டில் இது புதிய பழக்கமும் அன்று. திருமண வீட்டில் மொய் எழுதுவது எதற்காக? ஒரு வீட்டின் பெருஞ்செலவை ஊர் பகிர்ந்துகொள்வதற்காக அல்லவா? வணிகர்கள் மகமை என்று ஒரு சிறு பகுதியை எடுத்து வைத்துக் கோயிலும் பள்ளியும் நடத்தினார்கள். வீட்டுப் பெண்கள் நாள்தோறும் உலையிடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் இட்டு அறப்பணிக்குக் கொடுத்தார்கள். 1950-களின் பிற்பகுதியில் தமிழ்நாட்டில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடைபெற்றபோது, ஊர் மக்கள் பணமும் பலகையும் மணியும் நாற்காலியும் கொடுத்துத் தத்தம் ஊர்ப் பள்ளிகளை நிரப்பினார்கள். பலர் சிறுகச் சேர்த்தால் பெரிது ஆகும் என்பதை நம் முன்னோர் நடைமுறையில் கண்டிருந்தனர்.

இதே உண்மையைக் கடல் கடந்த நாடொன்றில் வானொலி மெய்ப்பித்த வரலாறும் உண்டு. அமெரிக்கக் குடியரசின் தலைவராக விளங்கிய பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், 1921-இல் தம் 39-ஆம் வயதில் நோயுற்றுக் கால்களின் வலிமையை இழந்தார். அது இளம்பிள்ளை வாதம் என்று மருத்துவர்கள் கூறினர். குழந்தைகளைப் பெரிதும் வாட்டிய அந்நோயை எதிர்ப்பதற்கு 1938-இல் அவர் ஒரு நிறுவனத்தைத் தோற்றுவித்தார். எட்டி கேண்டர் என்ற நகைச்சுவை நடிகர் வானொலியில் பேசி, ஒவ்வொருவரும் ஒரு 'டைம்' நாணயத்தைத் தலைவரின் வெள்ளை மாளிகைக்கு நேரே அனுப்புமாறு வேண்டினார். 'டைம்' என்பது டாலரில் பத்தில் ஒரு பங்கு. சிறுவர் கையிலும் இருக்கக்கூடிய காசு. மாளிகையின் அஞ்சல் அறை கடிதங்களால் நிரம்பிற்று. சுமார் 26 இலட்சத்து 80 ஆயிரம் நாணயங்கள் வந்து குவிந்தன என்பர். அந்நிறுவனம் நோயுற்ற குழந்தைகளின் மருத்துவச் செலவையும் ஏற்றது. ஆராய்ச்சிக்கும் பொருளுதவி செய்தது. அவ்வுதவியால் ஜோனஸ் சால்க் உருவாக்கிய தடுப்பூசி பயனுடையது என்று 1955 ஏப்ரல் 12-ஆம் நாள் அறிவிக்கப்பட்டது. பின்னர் வேறு மருந்துகளும் வந்தன. 2014-ஆம் ஆண்டில் நம் இந்தியாவும் இளம்பிள்ளை வாதம் நீங்கிய நாடு என்று சான்று பெற்றது. சிறு காசுகள் செய்த பெருஞ்செயல் இது.

ஆயினும் இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் நீங்கள் அறிதல் வேண்டும். நிதி திரட்டுவோர், ஊன்றுகோலுடன் நிற்கும் குழந்தைகளின் படங்களைச் சுவரொட்டிகளில் அச்சிடலாயினர். பிற்காலத்தில் வேறு அமைப்புகள் தொலைக்காட்சியில் பல மணி நேரம் தொடர்ந்து நிதி வேண்டும் நிகழ்ச்சிகளை நடத்தின. பணம் வந்தது, நோயாளருக்கு உதவியும் கிடைத்தது. ஆனால், அவ்வாறு படம் பிடிக்கப்பட்ட குழந்தைகளுள் சிலர் வளர்ந்து பெரியவர்களானபோது, அந்நிகழ்ச்சிகளை எதிர்த்துத் தெருவில் நின்று முழங்கினர். தங்களைப் பார்த்தவுடன் மக்கள் கண்ணீர் விடுகிறார்களே ஒழிய, வேலை தருவதில்லை, அண்டை வீட்டாராக ஏற்பதில்லை என்பது அவர்களுடைய குறை. இரக்கத்தைத் தூண்டிப் பெற்ற பணத்திற்கு அவர்கள் தம் மானத்தை விலையாகக் கொடுத்ததாக உணர்ந்தார்கள்.

இது வெளிநாட்டுக் கதை மட்டுமன்று. நான் தலைமையாசிரியனாகப் பணியாற்றிய ஊர் ஒன்றில் கைத்தறி நெசவாளர் ஒருவரின் மகன் எங்கள் பள்ளியில் நான்காம் வகுப்பில் படித்தான். மூளை முடக்குவாதத்தால் அவன் கால்கள் இயங்கவில்லை, பேச்சும் குழறும். ஆனால் அறிவில் அவன் எவருக்கும் இளைத்தவனல்லன்; வாய்பாட்டில் வகுப்பிலேயே முதல்வன். அவ்வூர்ச் சங்கம் ஒன்று தன் ஆண்டு விழாவில் அவனுக்கு நிதி வழங்க முன்வந்தது. நல்ல எண்ணந்தான். ஆனால், சிறுவனை மேடைமீது அமர்த்தி, ஒலிபெருக்கியில் ஒருவர் அவன் குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துரைத்து, "இந்தப் பாவப்பட்ட பிள்ளையைப் பாருங்கள்" என்று கூறிக் கூட்டத்தினரைக் கண் கலங்கச் செய்தார். பணம் குவிந்தது. மறுநாள் முதல் அவன் பள்ளிக்கு வர மறுத்துவிட்டான்.

நான் அவர்கள் வீட்டிற்குச் சென்றேன். தறிக் குழியில் அமர்ந்திருந்த தந்தை எழுந்து வணங்கினார். தாய் சொன்ன சொற்கள் இன்றும் என் செவியில் உள்ளன: "ஐயா, பணம் வந்தது நல்லதுதான். ஆனால், 'நான் பாவமா அம்மா?' என்று இவன் இராத்திரி கேட்டான். அதற்கு நான் என்ன பதில் சொல்ல?"

எனக்கும் உடனே பதில் தோன்றவில்லை. ஆனால், எங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் சிலர் ஒரு பதில் கண்டார்கள். சிறுவனைத் தோளில் சுமந்து பள்ளிக்குக் கொண்டுவருவதும் திரும்பக் கொண்டுபோவதும் தந்தையின் வேலையாக இருந்தது. காலையிலும் மாலையிலும் தறி நின்றது, நெய்யும் முழம் குறைந்தது, கூலியும் குறைந்தது. மாணவர்கள் பெற்றோரின் இசைவோடு முறை வைத்துக்கொண்டு, அரசு வழங்கியிருந்த சக்கர நாற்காலியில் அவனைத் தாங்களே அழைத்துவரத் தொடங்கினார்கள். வரும் வழியெல்லாம் அவனிடம் வாய்பாடு கேட்டுத் தங்கள் ஐயங்களைத் தீர்த்துக்கொண்டார்கள்! மூன்றாம் நாளே அவன் மகிழ்ச்சியோடு வரலானான். தறியும் நிற்காமல் ஓடிற்று. முன்பு நான் சொன்ன கணக்கை இங்கே நினைவு கூருங்கள். ரசீது இல்லாத செலவு ஒன்றை அம்மாணவர்கள் ஒரு காசும் திரட்டாமலே குறைத்துவிட்டார்கள். வரவைப் பெருக்குவதுபோலவே செலவைக் குறைப்பதும் நிதி திரட்டுவதேயாகும்.

திருவள்ளுவர் 'இரவு' என்று ஓர் அதிகாரம் வகுத்து, அதனை அடுத்தே 'இரவச்சம்' என்று மற்றோர் அதிகாரம் வைத்திருக்கிறார். கேட்பதும் உலகில் நிகழ்வதே; கேட்க நேர்வதற்கு அஞ்சுவதும் மனித இயல்பே. இவ்விரண்டையும் அருகருகே வைத்த பெருமகனாரின் நுட்பத்தை எண்ணிப் பாருங்கள். கேட்கிறவரின் அச்சத்தை அறிந்து கொடுப்பவனே கொடுக்கத் தெரிந்தவன்.

இனி, நிதி திரட்ட நேரும்போது நீங்கள் கைக்கொள்ள வேண்டிய முறைகளைச் சொல்லுகிறேன். முதலாவது, குழந்தையின் பெற்றோரைக் கேளுங்கள். புரிந்துகொள்ளும் வயதினதாயின் குழந்தையையும் கேளுங்கள். அவர்கள் இசைவின்றிப் பெயரையோ படத்தையோ வெளியிடாதீர்கள். இணையத்தில் ஒருமுறை ஏறிய படத்தைத் திரும்பப் பெற இயலாது. பிறர் அப்படத்தைத் திருடித் தங்களுக்கெனப் பணம் பறித்தலும் நடக்கிறது. இரண்டாவது, எதற்கு, எவ்வளவு, எத்தனை மாதங்களுக்கு என்று முன்னரே எழுதி வையுங்கள். மூன்றாவது, பணம் ஒருவர் கையில் இருத்தலாகாது. ஆசிரியர் ஒருவரையும் ஊர்ப் பெரியவர் ஒருவரையும் சேர்த்து, வங்கியில் கணக்குத் தொடங்கி, இயன்றவரை மருத்துவமனைக்கோ பயிற்சி நிலையத்திற்கோ நேராகச் செலுத்துங்கள். நான்காவது, ஐந்து ரூபாய் கொடுத்தவனுக்கும் ரசீது கொடுங்கள். மாதந்தோறும் வரவு செலவைக் கொடுத்தோர் காணுமாறு எழுதி வையுங்கள். ஐந்தாவது, பெருந்தொகை ஒருமுறை கொடுப்பவர் பத்துப் பேரைவிட, மாதம் பத்து ரூபாய் தவறாமல் கொடுப்பவர் நூறு பேரைத் தேடுங்கள். தொடரும் செலவுக்குத் தொடரும் வரவே துணை.

ஆறாவதாக ஒன்றுண்டு. மிகுதிப் பணத்தை என்ன செய்வது என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்தல் வேண்டும். முதுகுத்தண்டுத் தசைச் சிதைவு என்ற அரிய நோய்க்கு ஒரே ஒரு தவணை செலுத்தும் மரபணு மருந்து 2019-இல் அமெரிக்காவில் இசைவு பெற்றது. அதன் விலை இருபது இலட்சம் டாலருக்கும் மேல். 2021-இல் கேரளத்தில் ஒரு குழந்தைக்கு இம்மருந்தின்பொருட்டு 18 கோடி ரூபாய் வேண்டும் என்று கேட்டபோது, சில நாட்களிலேயே 40 கோடிக்கும் மேற்பட்ட பணம் வந்து சேர்ந்தது. மிகுதியை அதே நோயுற்ற பிற குழந்தைகளுக்குப் பயன்படுத்துவதென முடிவு செய்தார்கள். அதே ஆண்டில் அங்கேயே வேறொரு குழந்தைக்குப் பெரும்பணம் சேர்ந்தும், மருந்து கிட்டுமுன் அக்குழந்தை மறைந்தது. சேர்ந்த பணத்தை என்ன செய்வது என்ற வினா எழுந்தது. மக்கள் மனம் எத்துணை விரிந்தது என்பதையும், முறை வகுக்காத கொடை எத்தகைய இடர்ப்பாட்டைத் தரும் என்பதையும் இவ்விரு நிகழ்ச்சிகளும் காட்டுகின்றன.

இங்கே ஒரு கேள்வி பிறக்கும். முகம் அழகாயிருக்கிற குழந்தைக்கும், பலரை அறிந்த குடும்பத்துக் குழந்தைக்கும் பணம் விரைந்து வரும். யாருமறியாத சிற்றூர்க் குழந்தை என்ன செய்யும்? அதற்காகத்தான் அரசின் கொள்கை வேண்டியிருக்கிறது. 2021-இல் அரிய நோய்களுக்கென நடுவண் அரசு ஒரு கொள்கையை வெளியிட்டது. 2022-இல் ஒருவருக்கு 50 இலட்சம் ரூபாய் வரை உதவி என்று உயர்த்தியது. பல கோடி விலையுள்ள மருந்துக்கு அது போதாதெனினும், பொதுப்பணத்தில் அக்குழந்தைக்கும் பங்கு உண்டு என்ற நெறி நிலைநாட்டப்பட்டது. கொடையால் ஒரு குழந்தையைக் காக்கலாம். சட்டத்தாலும் பொதுப்பணத்தாலுமே எல்லாக் குழந்தைகளையும் காக்க இயலும்.

தனி ஒருவரின் துன்பத்தைப் பலருக்கும் பயன்படும் நிறுவனமாக மாற்றியவர்கள் நம்மிடையே உண்டு. மூளை முடக்குவாதமுள்ள தம் மகளுக்கு ஏற்ற பள்ளி இந்தியாவில் இல்லை என்று கண்ட மிது ஆலூர் அம்மையார், 1972-இல் பம்பாயில் அத்தகைய குழந்தைகளுக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார். 1975-இல் கடற்படைத் தேர்வின்போது கழுத்தில் அடிபட்டு, கைகால் இயக்கத்தை இழந்தவர் ஆய்க்குடி எஸ். இராமகிருஷ்ணன். தமக்கு மருத்துவம் செய்த மருத்துவரின் பெயரால் 1981-இல் அமர் சேவா சங்கத்தை அவர் நிறுவினார். சிறிய அளவில் தொடங்கிய அது, இன்று தென்காசி வட்டாரத்துக் குழந்தைகள் பலருக்குப் பள்ளியாகவும் பயிற்சி நிலையமாகவும் விளங்குகிறது. 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. படுக்கையில் கிடந்தபடி உதவி பெறுபவராக மட்டும் வாழ்ந்திருக்க வேண்டியவர் என்று உலகம் எண்ணிய ஒருவர், ஆயிரக்கணக்கானோருக்கு உதவி செய்பவரானார்.

ஆதலின், மாணவச் செல்வங்களே, நாம் ஒரு குழந்தைக்குப் பொருள் கொடுக்கும்போது, நாளை நமக்கு நிகராக நின்று உழைக்கவும், நமக்கே உதவவும் கூடிய ஒரு குடிமகனுக்கு, ஒரு குடிமகளுக்குக் கொடுக்கிறோம் என்ற நினைவு வேண்டும். அந்த நினைவு இருந்தால், கொடுக்கும் கை தானே பணியும். பெறும் கை கூச வேண்டியதில்லை. அந்த நெசவாளர் மகனைப் போன்ற சிறுவன் உங்கள் ஊரில் இருப்பானாயின், அவன் வீட்டுக்குச் சென்று, பெற்றோருக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேளுங்கள். உண்டியல் தேவையா, படிவம் நிரப்ப ஆள் தேவையா, நாற்காலி தள்ளக் கை தேவையா என்பதை அவர்களே சொல்லுவார்கள்.